ஜூலை இருபத்தாறில் இறந்தவர்

எனக்குத் தேதிகள் மேல் ஒரு கிறுக்கு உண்டு. வடாலாவில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து, எவன் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று எழுதித் தள்ளியவன் நான். ரிட்டையர் ஆன பிறகும் கை சும்மா இருக்கவில்லை. தாராவியில் நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் சாலின் முனையில், தண்ணீர்க் குழாயை ஒட்டி, மண்டல் என்கிற இளைஞர் சங்கத்தார் மாட்டிய கரும்பலகை ஒன்று உண்டு. இன்றைய தேதியில், முன்பு எந்தெந்த வருஷம் என்னென்ன நடந்தது என்று தினமும் காலையில் அதில் எழுதிவைக்க வேண்டும். மராத்திக்காரர்கள் இதைத் தினவிசேஷ் என்பார்கள். இந்த ஊரில் பேட்டைக்குப் பேட்டை இந்தப் பலகை இருக்கிறது. எங்கள் பலகைக்கு எழுத்தாளன் நான்தான், தமிழில் ஒரு பக்கம், இந்தியில் ஒரு பக்கம்.

எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தடுமாறும். இந்தி வரியைப் பார்த்துவிட்டு ஓடுவார்கள். தப்பாக எழுதினாலும் ஒருத்தனும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் மூன்று இடத்தில் சரிபார்க்காமல் நான் ஒரு தேதியை எழுதியதில்லை. "ஞானசீலன் எழுதினா அப்பீல் கிடையாது" என்று சாலில் சொல்வார்கள். அதைக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது, ஒளிப்பானேன்.

கடைசி வரியை எங்கள் சால் ஆட்களுக்கு என்று ஒதுக்கியிருந்தேன். யாராவது அதே தேதியில் இறந்திருந்தால் அவர் பெயரையும் போடுவேன். உலகத்துப் பெரிய மனிதர்களோடு நம் ஆட்களும் ஒரு வரியில் நிற்கட்டுமே என்று நானாக ஆரம்பித்த பழக்கம். வேறெந்தப் பேட்டைப் பலகையிலும் இது இல்லை. நம் ஆட்களை விட்டுவிட எனக்குத்தான் பொறுக்கவில்லை.

போன வருஷம் ஜூலை இருபத்தாறு, சனிக்கிழமை. நான் எழுதியது இது:

1902 – கோலாப்பூரில் சாகு மகராஜ் ஐம்பது சதவிகித இட ஒதுக்கீடு கொண்டுவந்தார்.

1956 – எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கியது.

1999 – கார்கில் வெற்றி.

2005 – மும்பைப் பெருமழை. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர்.

2005 – அந்த மழையில் நம் சாலைச் சேர்ந்த ஏஞ்சலோ இறந்தார். இருபதாம் ஆண்டு நினைவு.

ஏஞ்சலோ என் மனைவி ஜாக்குலினின் முதல் புருஷன். மழை முடிந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிப் பிணவறையில் அவன் உடலை அவள் அடையாளம் காட்டினாள். அடக்கம் நடந்தது. ஒன்றரை வருஷம் கழித்து, இறப்புச் சான்றிதழை மாதா கோயில் ஆபீஸில் காட்டிவிட்டு, நாற்பது வயதுப் பிரம்மச்சாரியான நான் அவளைக் கல்யாணம் செய்துகொண்டேன். ஒரே மகள் ஜெனி, மாட்டுங்காவில் ஜூனியர் காலேஜில் பதினோராவது படிக்கிறாள். ஒவ்வொரு ஜூலை இருபத்தாறும் சாயங்காலப் பூசையில் ஏஞ்சலோவின் பெயரை வாசிக்கச் சொல்லிப் பூசைக் கருத்து கொடுப்பது ஜாக்குலினின் வழக்கம். எனக்கு அதில் வருத்தம் இல்லை. செத்தவனோடு என்ன போட்டி?

அன்று காலை எழுதி முடித்து, கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைக் குழாயில் கழுவிக்கொண்டிருந்தேன். ராத்திரியே ஆரம்பித்த மழை விட்டுவிட்டுப் பெய்தது. தோல் பை பார்சல் ஏற்ற வந்த டெம்போ ஒன்று முனையில் நின்றது. அதன் டிரைவர் இறங்கி, தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தான். வயது நாற்பத்தைந்து இருக்கும்.

"அண்ணாச்சி, இது எந்த ஏஞ்சலோ? பெரியதாழை ஏஞ்சலோவா?"

"ஆமா. டெம்போ ஓட்டினவன். தெரியுமா?"

"தெரியுமாவா! பேரு அஸாருதீன், கடையநல்லூரு. நானும் அவனும் ஒரே முதலாளிகிட்ட வண்டி ஓட்டுனோம். தாராவியில பொண்டாட்டி, ஜாக்குலின்னு சொல்லுவான்." பலகையை மறுபடி பார்த்தான். "ஆனா இதைத் தப்பா எழுதியிருக்கிய."

என்னைப் பார்த்துத் தேதி தப்பு என்று சொன்ன முதல் ஆள் அவன். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எது தப்பு?"

"அன்னைக்கு ராத்திரி அவன் எங்கூட உல்லாஸ்நகர்லல்லா இருந்தான். சிந்தி சேட்டு கடை மொட்டை மாடியில விடிய விடிய நின்னோம். கீழ கழுத்தளவு தண்ணி. ஊறிப்போன பாவ் ரொட்டியப் பிச்சி ஆளுக்குப் பாதியாத் தின்னோம்."

"வேற என்னைக்காவது இருக்கும்."

"அந்தத் தேதிய எவன் அண்ணாச்சி மறப்பான்?"

இந்த ஊர்க்காரன் தன் கல்யாண நாளை மறப்பான், பெண்டாட்டி பிறந்த நாளை நிச்சயம் மறப்பான். ஜூலை இருபத்தாறு எங்கே நின்றான், எதைத் தின்றான், யார் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான் என்பதை மட்டும் மறக்கமாட்டான். நானே அன்று டைம் ஆபீஸ் மேஜை மேல் ஏறி, ஆஜர் ரெஜிஸ்டர்களை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

"ஆளு இப்பவும் அங்கனதான் இருக்கான். அவனுக்கே அனுப்புதேன், சிரிப்பான்" என்று போனை எடுத்துப் பலகையைப் படம் பிடித்தான். நான் "வேண்டாம்" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் படம் போய்விட்டது. அவன் தோள்வழியாகப் பார்த்தேன். இரண்டு டிக் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் நீலமாயின. பதில் வரவில்லை.

என் முகத்தைப் பார்த்து அஸாருதீனுக்கு என்னவோ பட்டிருக்க வேண்டும். "எதும் தப்பாப் பண்ணிட்டனா அண்ணாச்சி?" என்று இரண்டு தரம் கேட்டான். ஏஞ்சலோவின் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு அவனை அனுப்பிவைத்தேன்.

கடைசி வரியை அழித்துவிடலாம் என்று துணியை எடுத்தேன். குடத்தோடு நின்ற பக்கத்து வீட்டுப் பேராச்சி பார்த்துவிட்டாள். "ஏன் அண்ணாச்சி அழிக்கிய? இன்னைக்குத்தான அந்த அண்ணன் நாளு? பூசைக்கு நானும் வாரேன், ஜாக்குலின்கிட்ட சொல்லிருங்க" என்றாள். பேராச்சிக்குக் கோயில் வேறாக இருந்தாலும் பூசைக்குத் தவறமாட்டாள். அவளுக்குத் தெரிந்த விஷயம் மத்தியானத்துக்குள் தொண்ணூறு அடி ரோட்டைத் தாண்டிவிடும். நான் துணியைக் கீழே போட்டேன்.

வீட்டுக்குப் போனால் ஜாக்குலின் பூசைக்கு உடுத்தும் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால் இதை எந்த வாயால் சொல்வது? தெரியும் என்றால், பதினெட்டு வருஷமாக நான் யாரோடு குடும்பம் நடத்தினேன்?

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிய? காப்பி ஆறுது" என்றாள்.

காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏஞ்சலோ உயிரோடு இருந்தால் எங்கள் கல்யாணம் கோயில் சட்டப்படி கல்யாணமே இல்லை. சர்க்கார் சட்டப்படியும் இல்லை. என் மகள் என்ன ஆவாள்? ஜெனிக்கு இதையெல்லாம் யார் சொல்வது? அவன் இந்நேரம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டான். உல்லாஸ்நகருக்குப் பக்கத்தில் கல்யாண் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் இங்கே வந்து நிற்பான். சாயங்காலம் ஆறரைக்குக் கோயிலில் சாமியார் "இறந்துபோன ஏஞ்சலோ" என்று வாசிக்கும்போது, "நான் இங்கே இருக்கிறேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டால்?

மழையால் ஜெனிக்கு அன்று காலேஜ் இல்லை. கட்டிலில் படுத்து, பார்த்ததையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தாள். "பப்பா, சயான்ல டிராக்ல தண்ணியாம். சென்ட்ரல் லைன் பந்த்."

ரயில் நின்றதற்காக நான் சந்தோஷப்பட்டது என் ஆயுளில் அன்றுதான்.

"மத்தியானம் ஹை டைடாம். அதுக்கப்பறம் இன்னும் ஏறும்னு போட்டிருக்கான்."

ஏறட்டும். கல்யாணிலிருந்து தாதர்வரைக்கும் தண்டவாளம் முங்கட்டும் என்று நினைத்தேன். நினைத்த மறுநிமிஷம் அசிங்கமாக இருந்தது. இருபது வருஷத்துக்கு முன் இதே தேதியில் எத்தனை பேரைக் கொண்டுபோன தண்ணீர்.

பதினொன்றே முக்காலுக்கு, "சாலு ஹோ கயா பப்பா, ஸ்லோ டிரெய்ன் ஓடுதாம்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் வீட்டுக்கும் முனைக்குமாக நடந்த நடைக்குக் கணக்கில்லை. குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பலகைக்கு முன்னால் ஒருவன் நின்றான். அவன்தானோ என்று கிட்டே போனேன். பலகைக்கு மேலிருந்த தகரத்தடியில் மழைக்கு ஒதுங்கியவன். "டைம் க்யா ஹுவா, அங்கிள்?" என்று கேட்டான். அவனைக் கட்டிப் பிடித்துக் கொஞ்சலாம் போலிருந்தது. இப்படி நாலு தரம் ஏமாந்தேன். மத்தியானச் சாப்பாட்டில் மீன் முள்ளை எடுக்காமல் விழுங்கிவிட்டு இருமினேன். ஜாக்குலின் முதுகில் தட்டினாள். அந்தக் கை மேல் எனக்கு எத்தனை ஆசை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இந்த வயதில் சொல்ல வெட்கம்தான், ஆனால் அதுதான் நிஜம்.

மூன்று மணிக்கு மேல் பொறுக்க முடியவில்லை. அவன் வந்து கதவைத் தட்டும்வரை காத்திருப்பதைவிட நானே கேட்டுவிடலாம் என்று, முனைக்குப் போய், மூடிக்கிடந்த கடைப் படியில் உட்கார்ந்து அந்த நம்பருக்குப் போட்டேன்.

"ஹலோ, கோன்?"

"தாராவியில போர்டு எழுதுறவன்."

அந்தப் பக்கம் வண்டி இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தான்.

"ஜாக்குலினுக்கு வீட்டுக்காரரா?"

"ஆமா."

"நல்லாருக்காளா?"

காலையிலிருந்து சேர்த்துவைத்திருந்த கெட்ட வார்த்தைகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. "நல்லாருக்கா" என்றேன்.

"பயப்படாதிய அண்ணாச்சி. நான் வரமாட்டேன். எனக்கு இங்க பொண்டாட்டி, ரெண்டு ஆம்பளப் பிள்ளைய இருக்கு. நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்."

"ஒனக்கு முந்தியே தெரியுமால?"

"மழை முடிஞ்சி அஞ்சாறு மாசத்துல ஒருத்தன் சொன்னான், ஒன்னையப் பொதைச்சிட்டாவன்னு. மொதல்ல சிரிச்சேன். பெறவு, நல்லதாப் போச்சுன்னு இருந்துட்டேன். தேடி யாரும் வரமாட்டாவள்லா?"

ஒரு மனுஷன் இவ்வளவு லேசாகச் சொல்ல முடியுமா? ஆனால் என் தோளிலிருந்து மூட்டை இறங்கியதும் உண்மை. அவன் வரமாட்டான். யாருக்கும் தெரியப்போவதில்லை. அஸாருதீனிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும். போனை வைக்கப்போனேன்.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு" என்றான். "இன்னைக்குக் காலையில அந்தப் போட்டோவப் பாத்ததுலேருந்து மனசு சரியில்ல. எம் பேரு போட்ட அந்தக் குழிக்குள்ள கெடக்கது யாரு?"

காலையிலிருந்து நான் என்னென்னவோ நினைத்தேன். என் கல்யாணம், என் மகள், என் மானம். அந்த ஒரு கேள்வி மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை. முப்பத்தோரு வருஷம் ஆள் கணக்கு எடுத்தவன் நான். ஒரு ஆள் கூடுதலாக இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

வீட்டுக்கு வந்தேன். ஜெனி பேராச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

"ஏஞ்சலோ உசுரோட இருக்கான்."

ஜாக்குலின் திடுக்கிடவில்லை. மடித்துக்கொண்டிருந்த துண்டை மடித்து முடித்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"இங்க வந்திருக்காவளா?"

"வரல. வரமாட்டான். போன்ல பேசினேன். அப்ப உனக்குத் தெரியும்."

"உசுரோட இருக்காவன்னு தெரியாது. அன்னைக்குச் சாகலன்னு தெரியும்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை எழுதமாட்டேன், அவ்வளவு கேவலம். அவள் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டாள். மூச்சு வாங்க நான் நிறுத்தியதும் பேச ஆரம்பித்தாள்.

"இருபத்தஞ்சாந் தேதி சண்டை போட்டுட்டுப் போனாவ. இனிமே என்னையத் தேடாதன்னுட்டுப் போனாவ. மறுநாளு மழை. மூணு நாளா ஆளக் காணும். சால்ல உள்ளவிய எல்லாம் சேந்து என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாவ. வரிசையாப் போட்டிருந்துச்சு. மொகம் மொகமா இல்ல. அதே ஒசரம், அதே மாதிரி நீலச் சட்டை. ஹவால்தாரு, 'யஹீ ஹை க்யா?'ன்னாரு. ஆமான்னேன். அந்த நிமிசம் அவியதான்னு நெனச்சேன், மாதா மேல சத்தியமா."

"பெறகு?"

"கையெழுத்துப் போட்டாச்சு. துணி சுத்தையில எடது கை வெளிய வந்து விழுந்துச்சு." தன் இடது கையை விரித்துப் பார்த்தாள். "அவியளுக்குப் பிரஸ் மிஷின்ல மாட்டி ஒரு வெரலு பாதிதான். அந்தப் பிள்ளைக்கு அஞ்சு வெரலும் முழுசா இருந்துச்சு."

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நான் கேட்டேன். "அப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருக்கலாம். வாயைத் தொறந்தேன். ஓடிப்போனவன் பொண்டாட்டியாத் திரும்பிப் போகவான்னு ஒரு நெனப்பு வந்துச்சு. போனா இந்தச் சால்ல யாரு என்னைய மனுசியா மதிப்பா? இருபத்திநாலு வயசு எனக்கு. வாயை மூடிக்கிட்டேன். ஒரு நிமிசந்தான். பெறவு நீங்க கேட்டு வந்திய. அதுக்கு மேல எப்பிடிச் சொல்லுவேன்? நீங்களும் போயிருவியள்லா?"

"அந்தச் செத்தவனுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பா."

"இருபது வருசமா நான் வேற என்னத்த நெனச்சிக்கிட்டு இருக்கேன்னு நெனக்கிய?" அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "வருசா வருசம் பூசை யாருக்குன்னு நெனச்சிய? அவியளுக்கா? சாமியாரு ஏஞ்சலோன்னு வாசிக்கையில, இல்ல ஆண்டவரே, அவன் பேரு வேற, உமக்குத் தெரியும்னு உள்ளுக்குள்ள சொல்லிக்கிடுவேன். எனக்குத் தெரிஞ்சது அந்த அஞ்சு வெரலு மட்டுந்தான்."

எங்கேயோ ஒரு வீட்டில், இவன் வருவான் என்று கதவைச் சாத்தாமல் யாராவது இருந்திருப்பார்கள். பிணவறை பிணவறையாக அலைந்திருப்பார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே நாங்கள் அவனை எடுத்துவந்து, வேறொருவன் பெயரில் மண்ணைப் போட்டுவிட்டோம். பம்பாயில் குழிக்கும் தவணைதான். சில வருஷத்தில் எலும்பைத் தோண்டிச் சுவர் மாடத்தில் வைத்து, ஏஞ்சலோ என்று கல்லும் பதித்தாயிற்று. அந்தக் கல்லுக்கு எழுத்து சரிபார்த்துக் கொடுத்தவன் நான். அவள் மேல் இருந்த கோபம் போகவில்லை. ஆனால் எனக்கு மட்டும்தான் அநியாயம் நடந்தது என்று இனிமேல் சொல்ல முடியாது.

கதவு தட்டும் சத்தம். பேராச்சி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு தயாராக நின்றாள். ஜெனி குடையோடு பின்னால் நின்றாள். நாலு பேருமாகக் கோயிலுக்கு நடந்தோம்.

கோயில் ஆபீஸ் ஜன்னலில் உபதேசியார் அன்றைய பூசைக் கருத்துகளை ஒரு நோட்டில் எழுதி, சாமியாருக்குக் கொண்டுபோகத் தயாராக இருந்தார். எங்களைப் பார்த்ததும், "ஏஞ்சலோ, இருபதாம் வருச நினைவு. ஏற்கெனவே எழுதியாச்சும்மா, நீங்க உள்ள போங்க" என்றார்.

ஜாக்குலின் நகரவில்லை. "அந்தப் பேர அடிச்சிருங்க" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெயர் வாசிக்கப்படாவிட்டால் பேராச்சி கேட்பாள். சால் கேட்கும். நாளைக்குச் சாமியார் எங்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்புவார். அவர் கேட்டால் ஜாக்குலின் இனிமேல் பொய் சொல்லமாட்டாள். கல்யாணப் பதிவைத் திறப்பார்கள், சான்றிதழைத் திறப்பார்கள், போலீஸ்கூட வரலாம். அவள் கையைப் பிடித்து, "வா, உள்ளே போகலாம்" என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அத்தனையும் மூடிவிடும். ஜெனி குடையை உதறி மடக்கிக்கொண்டிருந்தாள்.

"அடிச்சிட்டு?" என்றார் உபதேசியார்.

"அந்த மழையில செத்த ஒருத்தருக்காகன்னு எழுதுங்க."

"பேரு?"

"தெரியாது."

"பேரு இல்லாம எப்பிடிம்மா? சரி, உங்களுக்கு என்ன ஒறவு?"

ஜாக்குலின் நோட்டைப் பார்த்தபடி, "நான்தான் அடக்கம் பண்ணுனேன்" என்றாள்.

உபதேசியார் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பேராச்சியும் பார்த்தாள்.

"எழுதுங்க" என்றேன்.